பார்த்துச் செய்த கிண்ணம்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்று வெண்ணிறம், ஆயினும் வெறும் வெண்மையன்று. மழை விட்ட விடியற்காலையில் கிழக்கே ஒரு நீலம் தோன்றுமே, அந்த நீலம் அதன் வளைவுகளில் மெல்லத் தேங்கி நிற்கும். மற்றையது கருமை. அந்தக் கருமைக்குள் நுண்ணிய கபில நிறக் கோடுகள் விளிம்பிலிருந்து அடியை நோக்கி வழிந்திருக்கும். இரண்டிற்கும் கைபிடி கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவின. 'இருந்தன' என்று இறந்தகாலத்தில் எழுதுவதற்குக் காரணமுண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

கிண்ணம் என்று எழுதும்போதே ஒரு சிறு வேடிக்கை நினைவிற்கு வருகின்றது. யாழ்ப்பாணத்தவராகிய நாம் சோறு உண்ணும் தட்டைக் கோப்பை என்போம்; தேநீர் அருந்துவதைப் பேணி என்போம். 2019 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கியோத்தோ நகரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த என் மகளிடம் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அங்கிருந்து தொலைபேசியில், "இரண்டு யப்பான் கோப்பை வாங்கியிருக்கிறன்" என்று என் மனைவியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். விலையையும் சொன்னேன். "இரண்டு சோத்துக் கோப்பைக்கு இவ்வளவு காசோ? உங்களுக்கென்ன பிடிச்சது?" என்றாள். அவை தட்டுகளல்ல, சிறு கிண்ணங்களே என்று விளக்கியபின் அவளுடைய கவலை இரு மடங்காயிற்று!

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடசாலைகளில் சித்திரம் கற்பித்தவன். ஆதலால் மட்பாண்டங்களைப் பற்றி ஓரளவு படித்திருந்தேன். ஆனால் படித்தது வேறு, கையில் எடுத்துப் பார்த்தது வேறு.

இவ்விரு கிண்ணங்களினதும் நிறங்கள் யப்பானில் பிறந்தவையல்ல. அவை சீனத்துக்கு உரியவை. சீனாவை 960 முதல் 1279 வரை ஆண்ட சொங் வமிசத்தின் காலத்தில், தேயிலையை மாவாக அரைத்து, கிண்ணத்திலிட்டு வெந்நீர் ஊற்றி, மூங்கிற் கருவியால் நுரை எழும்படி கடைந்து அருந்தினர். அந்த வெண்ணுரை எடுப்பாகத் தெரிவதற்குக் கரிய கிண்ணமே ஏற்றது. புகியன் மாகாணத்து ஜியன் சூளைகள் இத்தகைய கரிய கிண்ணங்களைச் செய்து குவித்தன. மலைச் சரிவில் பாம்பு படுத்தாற்போல், நூறு மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடைய சூளைகள் அங்கே அகழ்ந்து காணப்பட்டுள்ளன. கருமைக்குள் மெல்லிய கோடுகள் வழிந்தவற்றை முயல் உரோமக் கிண்ணம் என்று அழைத்தனர். ஓவியராகவும் விளங்கிய ஹுயிசொங் என்னும் பேரரசர், 1107 ஆம் ஆண்டளவில் தேநீரைப் பற்றித் தாமே எழுதிய நூலில் இந்த முயல் உரோமக் கிண்ணத்தைத்தான் சிறந்ததெனப் பாராட்டினார். நாட்டை ஆளும் வேலையை இவ்வளவு கவனமாக அவர் செய்திருந்தால் பகைவரிடம் சிறைப்பட்டு மாண்டிருக்கமாட்டார் என்று சொல்வாருமுண்டு. அஃது அவருடைய பாடு. நல்ல கிண்ணத்தை அறியும் கண் அவரிடம் இருந்தது.

சீனத்துத் தியன்மு மலையிலுள்ள மடங்களில் பயிலச் சென்ற யப்பானிய சென் பௌத்தத் துறவிகள், ஊர் திரும்பும்போது இக்கிண்ணங்களைக் கொண்டுசென்றனர். அம்மலையின் பெயரை யப்பானியர் தம் நாவுக்கேற்பத் தென்மொக்கு என்று உச்சரித்தனர். இன்றும் அந்நாட்டில் கரிய இரும்பு மெருகிட்ட கிண்ணத்துக்கு அதுவே பெயர். சீனாவில் தேநீரைக் கடைந்து அருந்தும் வழக்கம் மறைந்தது. கரிய கிண்ணங்களும் மதிப்பிழந்தன. யப்பானிலோ அவை பெட்டிக்குள் பெட்டியாகப் பொதிந்து, தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன. கருமைக்குள் நீல ஒளிவட்டங்கள் மின்னும் யோஹென் என்ற அரிய வகையைச் சேர்ந்த மூன்று கிண்ணங்கள் யப்பானின் தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. பிறந்தகத்தில் பேணப்படாதது புகுந்தகத்தில் வாழ்ந்தது.

நம்மவர்க்கும் இக்கதையில் ஒரு சிறு இடமுண்டு. 1977 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள அல்லைப்பிட்டிக் கரையில் சொங் காலத்துச் சீன மட்பாண்டங்கள் பல கண்டெடுக்கப்பட்டன. கிழக்கே துறவிகளுடன் சென்ற அதே காலத்துக் கைவண்ணம், மேற்கே வணிகருடன் நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. அப்பொழுது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியன். அந்தச் செய்தியைக் கேட்டுப் பெருமைப்பட்டேனேயன்றி, ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லை. பழைய சட்டி துண்டுகளுக்காகச் சைக்கிள் மிதிப்பதா என்ற எண்ணம்.

வெண்ணீலக் கிண்ணத்தின் மூலமும் சொங் காலத்ததே. ஜிங்தேஜென் என்னும் ஊரில் செய்யப்பட்ட இவ்வகையைச் சீனர் சிங்பாய் என்பர். நீலமும் வெண்மையும் கலந்தது என்று பொருள். யப்பானியர் செய்ஹகுஜி என்பர். அங்கே இந்த மெருகிலும் வெண்பீங்கானிலும் வல்லவரான த்சுகமொதோ கைஜி (1912–1990) என்பவர், 1983 ஆம் ஆண்டில் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்னும் சிறப்பைப் பெற்றவர். ஒரு குயவரைப் பொக்கிஷம் என்று அரசு அழைக்கும் நாடு அது.

நிற்க. கியோத்தோவில் கொஜோசக்கா என்னும் சரிவான தெரு குயவர்களுக்குப் பேர்போனது. ஒரு சனிக்கிழமை மகள் என்னை அங்கே அழைத்துச் சென்றாள். பெருந்தெருவிலிருந்து பிரிந்த ஒழுங்கையொன்றில், அறுபது வயதைக் கடந்த ஒரு குயவரின் பட்டறை. முன்னறையில் ஒரு மரத்தட்டு; அதில் பன்னிரண்டு கிண்ணங்களுக்கு மேல் இல்லை. வெண்ணீலமும் கருமையுமாக அவை வரிசையாக இருந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தன என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என்னுள் இருந்த பழைய சித்திர ஆசிரியன் விடவில்லை.

"இவையெல்லாம் சீனத்துப் பழைய கிண்ணங்களைப் பார்த்துச் செய்தவைதானே? இவருடைய சொந்தமானது எது என்று கேள், பிள்ளை" என்றேன்.

மகள் தயங்கினாள். "அப்பா, அப்பிடிக் கேட்கக்கூடாது" என்றாள். பின்னர் என் முகத்தைப் பார்த்து, எவ்வளவோ மென்மையாக்கித்தான் மொழிபெயர்த்திருக்க வேண்டும். ஆயினும் குயவருக்கு அது விளங்கிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. உள்ளே வரும்படி கையசைத்தார்.

பட்டறையின் பின்சுவரில் தரை முதல் கூரை வரை பலகைத் தட்டுகள். அவற்றில் விரலளவான பீங்கான் துண்டுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இரும்பு மையால் எண் இடப்பட்டிருந்தது. பக்கத்தில் மங்கிய குறிப்பேடுகள். அவர் ஒரு துண்டை எடுத்தார். அது சேற்றுப் பச்சை. அடுத்தது நெருப்பில் வெந்த தோல் போன்ற கபிலம். மற்றொன்று கருமையாயினும் ஒளியற்ற கருமை. எல்லாம் தவறியவை. அவர் சொல்லச் சொல்ல மகள் கூறியவற்றை இங்கே சுருக்கி எழுதுகிறேன். இரசாயனம் படிக்கும் மாணவர்கள் சற்றுக் கவனித்துப் படிப்பார்களாக.

மெருகு என்பது, நெருப்பில் உருகிக் கண்ணாடியாகிப் பாண்டத்தின்மேல் படியும் பூச்சு. கல்லும் சாம்பலும் சுண்ணாம்பும் அதன் அடிப்படை. அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு ஒட்சைட்டைக் கலந்து, காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டால் மஞ்சள் கலந்த நிறமே வரும். ஆனால் சூளை வேண்டிய வெப்பத்தை அடைந்ததும் காற்று வழியைச் சுருக்கிவிட்டால், தீச்சுவாலை ஒட்சிசனுக்காகத் தவிக்கும். காற்றில் கிடைக்காத ஒட்சிசனை மெருகிலுள்ள இரும்பு ஒட்சைட்டிடமிருந்து பறிக்கும். அவ்வாறு பறிகொடுத்த இரும்பே நீலமும் பச்சையுமாக மாறுகின்றது. செய்ஜி எனப்படும் இளம்பச்சை மெருகின் இரகசியம் இதுவே. இரும்பின் அளவு அதனினும் குறைந்தால் வெண்ணீலம். அளவை நூற்றுக்கு எட்டு, பத்து என்று உயர்த்தினால் கருமை. ஒரே இரும்பு! வானமும் அதுவே, இரவும் அதுவே. செம்பைச் சேர்த்து இவ்வாறே சுட்டால் இரத்தச் சிவப்பு வரும். ஆனால் செம்பு ஆவியாகித் தப்பியோடும் இயல்புடையது. அதனைப் பிடித்து வைப்பவரைக் குயவர்கள் தனியாக மதிக்கிறார்கள்.

"சீனக் குயவனுக்குக் கிடைத்த மண் என்னிடம் இல்லை" என்றார் அவர். ஜியன் சூளையின் மண் இரும்பு நிறைந்த கரிய மண். சூட்டில் மெருகு உருகும்போது மண்ணிலுள்ள இரும்பும் அதற்குள் கரைந்து கருமைக்குத் துணை நிற்கும். இவர் கையாள்வதோ தெற்கே அமகுசாத் தீவிலிருந்து வரும் கல்லை அரைத்த வெண்பீங்கான் மண். அது மெருகுக்கு எதனையும் கொடுக்காது. கருமை முழுவதையும் மெருகே தன்னிடமிருந்து தரவேண்டும். அதிகம் பூசினால் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். குறைத்துப் பூசினால் கருமை இறங்கிக் கபிலமாகிவிடும். பீங்கான் மண் திகிரியில் களிமண்போல இழுபடுவதுமில்லை. சற்றுக் கவனம் பிசகினால் வாய் கிழிந்துவிடும். காய்ந்தும் வெந்தும் ஏழில் ஒரு பங்களவு சுருங்கிவிடும். ஏறத்தாழ 1300 பாகை வெப்பம். சூளை ஆறும்வரை கதவைத் திறக்க முடியாது. திறந்தபின் பத்தில் எத்தனை தேறும் என்று கேட்டேன். சிரித்தார், விடை சொல்லவில்லை.

அவர் கரிய கிண்ணமொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து என் கையில் வைத்தார். அடிவளையத்தில் மெருகு இல்லை. வெள்ளை வெளேரென்ற பீங்கான் தெரிந்தது. அதற்குச் சற்று மேலே, வழிந்து வந்த கருமை ஒரு துளியாகத் திரண்டு, விழாமல் நின்றுவிட்டது. சீனக் கிண்ணத்தில் அந்த வளையம் கருமையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். "பார்த்துத்தான் செய்தேன். முப்பது வருடம் பார்த்தேன்" என்றார். அவ்வளவே. சொந்தமானது எது என்ற என் கேள்விக்கு அவர் வேறு மறுமொழி கூறவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. இரண்டு கிண்ணங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதே பகுதியில், கவாய் கன்ஜிரோ (1890–1966) வாழ்ந்த வீடு இன்று நூதனசாலையாக இருக்கின்றது. எட்டு அறைகள் கொண்ட அவருடைய படிச்சூளையும் அங்கேயே இருக்கின்றது. இவர் இளமையில் கியோத்தோ நகர மட்பாண்ட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர். நண்பர் ஹமாதா ஷோஜியுடன் சேர்ந்து அவர் செய்த மெருகுச் சோதனைகள் பத்தாயிரம் என்று சொல்வார்கள். 1921 ஆம் ஆண்டில் நடந்த அவருடைய முதற் கண்காட்சியில் இருந்தவை, பழஞ்சீன மெருகுகளைத் தழுவிய பாண்டங்களே. பெரும் புகழ் கிடைத்தது. ஆனால் யனகி சோயெத்சு என்னும் அறிஞர், இவை சீனத்தின் போலிகள் என்று குறை கூறினார். கவாயின் மனத்திலும் ஓர் ஐயம் புகுந்தது. சில ஆண்டுகள் கண்காட்சி எதனையும் நடத்தாதிருந்தார். பின்னர் அவர் செய்தவை பெயரற்ற கிராமத்துக் குயவரின் பாண்டங்களைப் பின்பற்றிய தடித்த, எளிய உருவங்கள். குறை கூறிய யனகியே அவருடைய நண்பருமானார். அரசு அளிக்க முன்வந்த சிறப்புகளைக் கவாய் ஏற்கவில்லை. ஆயினும் இளமையில் கற்ற செம்புச் சிவப்பை அவர் இறுதிவரை கைவிடவில்லை. அந்தச் சிவப்பு யாருடையது? சீனத்தினதா, கவாயினதா? அந்த வீட்டின் மரத் தரையில் இருந்துகொண்டு இதனை யோசித்தேன். மகள் என்னைப் பார்த்து, "என்னப்பா, களைச்சுப் போனியளோ?" என்றாள். ஓம் என்றேன்.

களைப்பு அன்று. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பையனின் முகம் நினைவில் வந்து நின்றது.

1978 ஆம் ஆண்டு. பாடசாலைகளுக்கிடையிலான சித்திரப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். தலைப்பு 'கடல்'. என் வகுப்பு மாணவன் ஒருவன், மீன்பிடிக் கிராமத்தவன், பதினான்கு வயது, வரைந்த படம் என் முன் வந்தது. வானுயர எழுந்து, நகம் போன்ற நுரையுடன் வளைந்து விழும் ஒரு பேரலை. பார்த்தவுடன் கண்டுகொண்டேன். ஹொகுசாய் 1831 ஆம் ஆண்டளவில் செய்த மரச்செதுக்கு ஓவியத்தின் அலை அது! எங்கோ ஒரு நாட்காட்டியில் பையன் அதனைக் கண்டிருக்கிறான். இளம் ஆசிரியனாகிய எனக்குக் கள்ளனைக் கையும் மெய்யுமாகப் பிடித்த பெருமிதம். தாளின் குறுக்கே சிவப்பு மையால் 'பார்த்துக் கீறியது' என்று எழுதினேன். வகுப்பில் அதனை உயர்த்திக் காட்டியும் பேசினேன். அடுத்த தவணை அவன் சித்திரத்தை விட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டான்.

பின்னாளில்தான் அறிந்தேன், அந்த அலைக்கு ஹொகுசாய் பூசிய நீலம் ஐரோப்பாவிலிருந்து வந்த புதிய சாயம் என்று. தூரத்து மலையைச் சிறிதாகக் காட்டும் முறையிலும் மேல்நாட்டு ஓவியத்தைப் பார்த்துக் கற்றது கலந்திருக்கின்றது. இதனை என் மாணவர்களுக்குப் பலமுறை கற்பித்துமிருக்கிறேன். கற்பித்தேன், ஆனால் அந்தச் சிவப்பு மையை நினைத்ததில்லை.

ஊர் திரும்பியதும் ஓய்வு பெற்ற நண்பரொருவர் மூலம் விசாரித்தேன். அவர் ஐம்பத்தைந்து வயதுக்காரராக, கரையோரச் சந்தியொன்றில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். கரிய கிண்ணத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்தில் போனேன். காட்டிப் பேசுவதற்கு ஏதேனும் ஒன்று கையில் வேண்டியிருந்தது. வெறுங்கையுடன் போக எனக்குத் துணிவில்லை.

அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கோ சேர், இருங்கோ" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பேரப்பிள்ளை ஒன்று கயிற்றுச் சுருள்களின்மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"தம்பி, அந்த அலைப் படம் ஞாபகம் இருக்குதோ? நான் உம்மட படத்தை ஒழுங்காய்ப் பார்க்கேல்லை. அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். "அலை பார்த்துக் கீறினதுதான் சேர். கலண்டரிலை இருந்தது. ஆனால் அதுக்குள்ளை நிண்ட வள்ளம் எங்கட ஐயாவின்ரை வள்ளம். கரையிலை மூண்டு பனையும் கீறினனான். நீங்கள் அதைக் காணேல்லையாக்கும்."

நான் காணவில்லை. மலைக்குப் பதிலாக அங்கே பனைகள் நின்றதை அன்று என் கண் காணவே இல்லை.

"அந்தப் படம் இப்ப இருக்குதோ?"

"அம்மா பெட்டிக்குள்ளை வைச்சிருந்தவ. தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு இடம்பெயரேக்கை வீட்டோடை எல்லாம் போட்டுது. வள்ளமுந்தான்."

தேநீர் வந்தது. கிண்ணத்தை அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன். யப்பானியக் குயவரைப் பற்றியும், சீன அரசரைப் பற்றியும், இரும்பைப் பற்றியும் ஆசிரியருக்குரிய முறையில் நீட்டிச் சொன்னேன். அவர் கேட்டாரோ இல்லையோ தெரியாது. கிண்ணத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். விளிம்பில் கருமை தேய்ந்து கபிலமாகும் இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"தார் பூசின வள்ளம் பழசாகி, காலமை வெயிலிலை நிக்கேக்கை இந்த நிறந்தான் சேர்" என்றார். "வாய்ப்பக்கம் தேய்ஞ்சு, இப்பிடித்தான் உள் மரம் தெரியும்."

முயல் உரோமம் என்றே ஆயிரம் ஆண்டுகளாக எல்லோரும் சொல்லி வந்தனர். நானும் அவ்வாறே நினைத்துப் பார்த்து வந்தேன். இந்த மனிதர் வேறொன்றைக் கண்டார்.

தமது தேநீரை அந்தக் கிண்ணத்தில் ஊற்றினார். நான் மற்றொரு பேணியில் குடித்தேன். வலை விலையைப் பற்றியும், கடல் அட்டைப் பண்ணைகளைப் பற்றியும், பிள்ளைகளைப் பற்றியும் பேசினோம். சித்திரத்தைப் பற்றி மீண்டும் பேசவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவுமில்லை. நான் அதனை எதிர்பார்க்கவும் உரிமையில்லை. புறப்பட எழுந்தபோது கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, பணப்பெட்டிக்கு அருகே தட்டில் வைத்தார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அலுமாரியைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, மற்றக் கோப்பை எங்கை?" என்றாள்.